தட்டில் தங்கிய நாதம்

கல்லிலே செதுக்கிய சிற்பம் ஆயிரம் ஆண்டுகள் நிற்கும். ஏட்டிலே எழுதிய பாட்டுப் படியெடுப்பார் உள்ளவரை வாழும். ஆனால் வித்துவான் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எழுப்பிய நாதமோ எழுந்த கணத்திலேயே மறைந்து விடுகின்றது. கேட்டவர் நெஞ்சில் அது சில காலம் நிற்கும்; அவரும் மறைந்தபின் "அன்று அவர் அப்படி வாசித்தார்" என்ற செவிவழிச் செய்தி ஒன்றே எஞ்சும். நமது கோயில் வீதிகளில் விடியுமட்டும் நாதசுரம் வாசித்த பெரியோர் எத்தனை பேர்! அவர்தம் பெயர்களை நம் முதியோர் இன்றும் உருக்கத்துடன் சொல்லுவர். அவர்தம் நாதத்தையோ இளையோராகிய நாம் கேட்டோமில்லை.

இக்குறையை ஓரளவேனும் போக்க வந்தது ஒலிப்பதிவுக் கலை. அக்கலையின் வரலாற்றில் எண்ணிறந்த இசைத்தட்டுக்கள் உள. அவற்றுட் சில ஒரு பாட்டை மாத்திரமன்றி ஒரு காலத்தையும், அக்காலத்தில் வாழ்ந்த மனிதரின் நெஞ்சத்தையும் சேர்த்தே நமக்குக் காத்துத் தந்துள்ளன. அத்தகையதொன்று, 1940ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 13ஆந் திகதி அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலே, கொங்கிரஸ் நூல்நிலையத்து மண்டபத்தில் நிகழ்ந்த ஒரு கச்சேரியின் பதிவாகும். அன்று வயலின் வாசித்தவர் யோசெப் சிகெட்டி. உடன் பியானோ வாசித்தவர் பேலா பார்ட்டொக். இருவரும் ஹங்கேரி நாட்டினர். அப்பதிவின் வரலாற்றையே இக்கட்டுரையில் எடுத்துக் கூற விழைகின்றோம்.

மேல்நாட்டார் கச்சேரி ஒன்றுக்கும் நமது ஆண்டு மலருக்கும் என்ன தொடர்பு என வாசகர் சிலர் வினவக்கூடும். வயலின் என்னும் கருவியே மேல்நாட்டிலிருந்து நம்மிடம் வந்ததன்றோ? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனை நம் இசைக்கு இசைவித்தனர். வந்த கருவியை வரவேற்ற நாம், அது தான் பிறந்த ஐரோப்பாவிலே எவ்வாறு பேசுகின்றது என்பதையும் கேட்டறிதல் நன்றே. ஆயினும் நாம் இதனை எழுதப் புகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை வரலாற்றைச் சொல்லிய பின்னர்ச் சொல்லுவோம்.

அந்த மாலையும் அந்த மண்டபமும்

1940 ஏப்பிரலில் உலகம் இருந்த நிலையை முதலில் நினைவு கூர்வோம். முந்திய ஆண்டு செப்ரெம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. ஏப்பிரல் 9ஆந் திகதி ஜெர்மன் படைகள் டென்மார்க்கினுள்ளும் நோர்வேயினுள்ளும் புகுந்தன. நாம் கூறும் கச்சேரி அதற்கு நான்கு நாட்களின் பின் நிகழ்ந்தது. அமெரிக்கா அப்பொழுது போரிற் சேரவில்லை. எனினும் பத்திரிகைகள் போர்ச் செய்திகளையே தாங்கி வந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த இரு இசைவாணருக்கும் அச்செய்திகள் வெறுஞ் செய்திகள் அல்ல. தம் வீட்டைப் பற்றிய தகவல்கள்.

கச்சேரி நடந்த மண்டபமும் வரலாறு உடையதே. எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் என்னும் செல்வச் சீமாட்டி இசையிற் பேரார்வங் கொண்டவர். அவர் வழங்கிய பொருளால் 1925ஆம் ஆண்டில் கொங்கிரஸ் நூல்நிலையத்தில் ஓர் இசைமண்டபம் அமைந்தது. ஏறக்குறைய 500 பேரே அமரத்தக்க சிறு மண்டபம் அது. பெரிய அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் முன் நிகழ்த்தும் இசைக்கன்றி, இரண்டு மூன்று அல்லது நான்கு கருவிகள் தம்முள் உரையாடும் நுண்ணிசைக்கென்றே அது எழுப்பப்பட்டது. புதிய ஆக்கங்களுக்குப் பொருளுதவி செய்வதும் அவ்வம்மையாரின் வழக்கம். பார்ட்டொக்கின் ஐந்தாவது நால்வர் இசை அவரது கொடையால் 1934இல் ஆக்கப்பட்டு, 1935ஆம் ஆண்டு வாஷிங்டனிலே முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

நூல்நிலையம் ஒன்றில் இசைமண்டபம் எதற்கு என்ற ஐயம் எழலாம். நூல்நிலையம் என்பது நூல்களை அடுக்கி வைக்கும் இடம் மாத்திரமன்று; ஒரு மக்கட் கூட்டம் தான் இழக்க விரும்பாதனவற்றையெல்லாம் ஒப்படைத்து வைக்கும் இடம் அது. கொங்கிரஸ் நூல்நிலையத்தார் 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டுப்பாடல்களுக்கென ஒரு சேமிப்பகத்தைத் தொடங்கியிருந்தனர். 1930களில் ஜோன் லோமக்ஸ் என்பாரும் அவர் மைந்தர் அலன் லோமக்ஸும் ஒலிப்பதிவுப் பொறியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகவும் சிறைச்சாலைகள் தோறும் சென்று, உழைப்பாளர் பாடிய பாடல்களைத் தட்டுக்களிற் பதித்து வந்து அங்கே சேர்த்தனர். ஒலியும் பேணத்தக்க ஏடே என்ற எண்ணம் அந்நிறுவனத்தில் வேரூன்றி இருந்தது. அவ்வெண்ணம் இல்லாதிருந்தால் நாம் கூறும் மாலைப்பொழுதும் காற்றோடு போயிருக்கும்.

வயலின் வித்தகர் சிகெட்டி

சிகெட்டி 1892ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆந் திகதி புடாபெஸ்டில் யூதக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். அந்நகரத்து இசைக் கல்லூரியில் யெனோ ஹூபாய் என்னும் புகழ்பெற்ற ஆசானிடம் பயின்று, பதின்மூன்றாம் வயதிலே 1905இல் பெர்லின் நகரில் அரங்கேறினார். இளமையில் அவர் கண்ட மேடைகள் யாவும் உயர்ந்தனவல்ல. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலே ஒரு சர்க்கஸ் கூட்டத்தாரின் நிகழ்ச்சியில் வேறொரு பெயர் சூடி வயலின் வாசித்த காலமும் அவருக்கு இருந்தது. அக்காலத்து வயலின் சக்கரவர்த்தியாகிய யோவாகிம் அவர் வாசிப்பைக் கேட்டுத் தம்மிடம் வந்து பயிலுமாறு அழைத்தார். சிகெட்டியோ தம் முதலாசானை விட்டுப் பிரியச் சம்மதிக்கவில்லை. பின்னாளில் பூசோனி என்னும் இத்தாலியப் பேரறிஞரின் நட்பே அவரைப் புதிய வழியில் திருப்பியது. விரல் வேகத்தைக் காட்டிக் கைதட்டல் பெறுவது வித்தையன்று; ஆக்கியோன் எண்ணியதை ஆராய்ந்து உணர்த்துவதே வித்தை என்பதை அவர் அந்நட்பினாற் கற்றார்.

அன்று முதல் அவரது வில் பொருளைத் தேடியது. அவரிலும் இனிய நாதம் உடையோர் அக்காலத்தில் இருந்தனர். அவரிலும் பழுதற்ற விரலுடையோரும் இருந்தனர். ஆனால் ஓர் ஆக்கத்தின் உட்பொருளை அவர்போலத் துருவி எடுத்துக் காட்டியோர் மிகச் சிலரே. அதனாற்றான் அவர் காலத்து ஆக்குநர் பலர் அவரை நாடினர். பெல்ஜிய நாட்டு மேதை இசாயி, சிகெட்டி வாசித்த பாஹ் இசையைக் கேட்டுக் கிளர்ச்சியுற்றே தனி வயலினுக்கென ஆறு சொனாட்டாக்களை 1923இல் இயற்றி, அவற்றுள் முதலாவதை அவருக்கே உரித்தாக்கினார். ருஷ்ய நாட்டுப் புரொக்கோபீயெவின் முதல் வயலின் கொன்செர்ட்டோவைப் பல நாடுகளிற் பரப்பியவரும் சிகெட்டியே.

மெழுகிலே பாடல் பதித்தவர்

பியானோ முன் அமர்ந்த பார்ட்டொக் அப்பொழுது 59 வயதினர். சிகெட்டியிலும் 11 ஆண்டு மூத்தவர். 1881ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி பிறந்தவர். அவர் பிறந்த ஊர் அன்று ஹங்கேரியில் இருந்தது. இன்று ருமேனியாவில் இருக்கின்றது. லிஸ்ட் என்னும் பெரும் பியானோக் கலைஞரின் மாணவர் தோமான் என்பவரிடம் அவர் பயின்றார். ஆகவே குருபரம்பரையில் லிஸ்டுக்குப் பெயரன் முறையினர் எனலாம். 1907 முதல் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியிலே பியானோப் பேராசிரியராக விளங்கினார்.

ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்ட தொண்டு வேறு. 1904ஆம் ஆண்டில், நாட்டுப்புறத்து வீடொன்றில் பணிப்பெண் ஒருத்தி பாடிய பாட்டு அவர் செவியில் விழுந்தது. நகரத்தார் ஹங்கேரிய இசை என்று கொண்டாடியது ஒன்று. இப்பெண் பாடியது முற்றிலும் வேறொன்று. இவ்வாறான பாடல் இன்னும் எத்தனை கிராமங்களில் மறைந்து கிடக்கின்றதோ என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1906 முதல் நண்பர் ஸொல்டான் கொடாயுடன் எடிசனின் ஒலிப்பொறியைச் சுமந்துகொண்டு கிராமந்தோறும் சென்றார். அப்பொறியில் மெழுகாலான உருளை ஒன்று சுழலும். பாடுபவர் பெரிய குழல் ஒன்றின் வாயருகே நின்று பாடவேண்டும். ஊசி அவ்வொலியை மெழுகிலே கீறும். ஓர் உருளையிலே சில நிமிடப் பாட்டே அடங்கும். கிழவியர் நாணினர், குடியானவர் ஐயுற்றனர். அவர் பொறுமையோடு காத்திருந்து கேட்டார்.

ஹங்கேரியர் பாடல்களோடு அவர் நின்றாரல்லர். ஸ்லொவாக்கியர் பாடல்களையும் ருமேனியர் பாடல்களையும் ஆயிரக்கணக்கில் திரட்டினார். 1913இல் அல்ஜீரியாவுக்கும் 1936இல் துருக்கிக்கும் சென்று அரபு, துருக்கி மக்களின் பாடல்களைப் பதிந்தார். தம் நாட்டாரிற் சிலர் பகைவர் எனக் கருதிய இனத்தாரின் பாடல்களையும் தம்முடையவற்றைப் போலவே பேணியமையால் அவர் ஏச்சும் கேட்டார். அதனால் அவர் தொண்டு நின்றுவிடவில்லை.

இத்தகையவர்க்கு நாஜிகளின் கொள்கை எத்துணை வெறுப்பூட்டியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியபின், ஆக்குநர் உரிமைப் பணத்தைச் சேகரித்து வழங்கிய வியன்னாச் சங்கத்திலிருந்து அவருக்கும் கொடாயுக்கும் ஒரு வினாத்தாள் வந்தது. "நீர் எவ்வினத்தவர்?" என்பது அதன் உட்கருத்து. இருவரும் விடையெழுத மறுத்தனர். அதே ஆண்டில் ஹங்கேரியில் யூதர்க்கெதிரான முதற் சட்டம் எழுந்தபொழுது அதனைக் கண்டித்து அறிஞர் பலர் வெளியிட்ட அறிக்கையில் அவ்விருவரும் ஒப்பமிட்டனர். நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்ற எண்ணம் பார்ட்டொக்குக்கு அப்பொழுதே உண்டு. ஆனால் முதிய தாயாரை விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. 1939 டிசெம்பரில் தாயார் காலமானார். அதன்பின் நான்கே மாதத்தில் அமெரிக்கா வந்தார். வந்திறங்கிய சில நாட்களுக்குள் அம்மண்டபத்திலே பியானோ முன் அமர்ந்தார்.

நட்பும் நான்கு உருப்படிகளும்

சிகெட்டிக்கும் பார்ட்டொக்குக்கும் நெடுநாளைய நட்பு இருந்தது. பார்ட்டொக் சிறுவர்க்கென எழுதிய நாட்டுப்பாடற் பியானோத் துணுக்குகள் சிலவற்றைச் சிகெட்டி வயலினுக்கு மாற்றி அமைத்தார். 1930இல் இருவரும் சேர்ந்தே அவற்றை இசைத்தட்டில் பதித்தனர். 1928இல் எழுதிய முதலாவது ராப்சொடியைப் பார்ட்டொக் சிகெட்டிக்கே உரித்தாக்கினார். 1938இல் கிளாரினெட் கலைஞர் பெனி குட்மன் மூலம் பார்ட்டொக்குக்கு ஒரு புதிய ஆக்கம் எழுதும் வாய்ப்பையும் பொருளையும் தேடிக் கொடுத்தவர் சிகெட்டியே.

கச்சேரியில் வாசிக்கப்பட்ட பெரிய உருப்படிகள் நான்கு: பீதோவனின் "குரொய்ட்சர்" சொனாட்டா, டெபூசியின் வயலின் சொனாட்டா, பார்ட்டொக்கின் முதலாவது ராப்சொடி, அவரது இரண்டாவது வயலின் சொனாட்டா என்பன.

இவ்விடத்து ஒன்றை விளக்கவேண்டும். நம் கச்சேரியிலே முதன்மையாளர் ஒருவர், மற்றவர் பக்கவாத்தியம். மேல்நாட்டுச் சொனாட்டாவில் அவ்வாறன்று. வயலினும் பியானோவும் ஒத்த தகுதி உடையன. ஒன்று கேட்க மற்றொன்று விடை கூறும். ஒன்று மறுக்க மற்றொன்று வற்புறுத்தும். ஆகவே வயலின் மேதை ஒருவரின் சிறப்பை அறியவேண்டுமாயின், அவருக்கு எதிர்நின்று உரையாடுபவரும் அவரோடொத்தவராய் இருத்தல் வேண்டும். அன்று அது வாய்த்தது.

குரொய்ட்சர் சொனாட்டா 1803ஆம் ஆண்டு வியன்னாவில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. அப்பொழுது பியானோ வாசித்தவர் பீதோவனே. வயலின் வாசித்தவர் ஆபிரிக்க வழித்தோன்றலாகிய பிரிட்ஜ்டவர் என்பார். அவசரத்தில் ஒரு பகுதியைப் பிரிட்ஜ்டவர் பீதோவனின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே வாசிக்க நேர்ந்தது. பின்னர் அது பாரிஸ் நகரத்து வயலின் வித்துவான் குரொய்ட்சருக்கு உரித்தாக்கப்பட்டது. அவரோ அதனை ஒருநாளும் சபையில் வாசித்தாரில்லை! வயலின் தனியே நின்று தொடக்கும் அதன் முதற் சில ஒலிகளை அப்பதிவிற் கேட்கும்பொழுது, சிகெட்டி சபையை இன்புறுத்த வந்தவரல்லர், ஒரு வழக்கை எடுத்துரைக்க வந்தவர் என்றே நமக்குத் தோன்றுகின்றது. அதற்குப் பியானோ மறுமொழி கூறுகின்றது. பார்ட்டொக்கின் கை அளவுகோல் வைத்து அளந்ததுபோல் ஓடவில்லை; பேசுவான் ஒருவன் நிறுத்தியும் விரைந்தும் பேசுவதுபோல் அது அசைகின்றது. லிஸ்ட் காலத்துப் பழைய வாசிப்பு முறையின் எதிரொலி அது.

டெபூசியின் சொனாட்டா 1917இல் எழுந்தது. ஆறு சொனாட்டாக்கள் எழுத எண்ணிய அவர் மூன்றையே முடித்தார்; அவற்றுள் கடைசி இதுவே. புற்றுநோயால் வருந்திக்கொண்டு, முதலாம் உலகப் போரின் நடுவே எழுதி, அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். ஒரு போரிற் பிறந்த இசையை மற்றொரு போரின் தொடக்கத்தில் இவ்விருவரும் வாசித்தனர்.

ராப்சொடியின் கதை நம் கட்டுரையின் நடுநாயகம். அதிலுள்ள மெட்டுக்கள் பார்ட்டொக் தம் கற்பனையால் இயற்றியன அல்ல. கிராமத்துப் பிடில்காரர் திருமணத்திலும் கூத்திலும் வாசிக்க, அவர் தம் மெழுகுருளையிற் பதித்து வந்த மெட்டுக்களே அவை. மெல்ல நடக்கும் பகுதி ஒன்றும் விரைந்தாடும் பகுதி ஒன்றுமாக அவற்றைத் தொடுத்து நண்பர்க்கு அளித்தார். பெயர் தெரியாத ஒரு கிராமத்தானின் வில்லிலிருந்து மெழுகுக்கும், மெழுகிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து சிகெட்டியின் வில்லுக்கும், அவ்வில்லிலிருந்து வாஷிங்டன் தட்டுக்கும் அந்நாதம் பயணஞ் செய்தது. அத்தட்டிலிருந்து இன்று நம் செவிக்கு வருகின்றது.

இரண்டாவது சொனாட்டாவோ எளிதில் வசப்படாதது. 1922இல் இயற்றப்பட்டது. இரு கருவிகளும் வெவ்வேறு பொருளைப் பேசுவதுபோல் முதலிற் தோன்றும். பொறுமையோடு கேட்டால் ஹங்கேரியக் கிராமத்தின் பேச்சோசையும் ஆட்டமும் அதனடியில் ஓடுவது புலப்படும். ஆக்கியோனே பியானோவில் அமர்ந்து இதனை வாசித்த பதிவு கிடைத்திருப்பது பெரும் பேறு. ஏட்டில் எழுத முடியாத நுட்பம் எத்தனையோ உண்டு. அவற்றை ஆக்கியோன் கையன்றி வேறெது காட்டும்?

தட்டு காத்திருந்தது

அக்காலத்தில் ஒலிப்பதிவு இன்றுபோல் எளிதன்று. காந்த நாடா ஜெர்மனியில் இருந்தும் போர் முடியுமட்டும் அமெரிக்காவிற் பரவவில்லை. உலோகத் தட்டொன்றின் மேல் மென்மையான அரக்குப் பூச்சைப் பூசி, கூரிய ஊசியால் ஒலியை அதிலே நேரே வெட்டுவர். ஒரு பக்கத்திலே சில நிமிட இசையே அடங்கும். ஆதலால் நீண்ட உருப்படிக்கு ஒரு தட்டு முடியுமுன் மற்றதைத் தொடக்கிவிடவேண்டும். அத்தட்டும் மெல்லியது, திரும்பத் திரும்ப இயக்கினால் தேய்ந்துவிடும்.

ஒலிப்பதிவுக் கூடத்திலாயின் பிழை நேர்ந்தால் அப்பக்கத்தை மீண்டும் வாசித்துப் பதியலாம். சபை நடுவே அது ஒவ்வாது. வில் சிறிது உரசினாலும் விரல் மயிரிழை தவறினாலும் அது அப்படியே தட்டில் ஏறிவிடும். இப்பதிவிலும் அவ்வாறான இடங்கள் இல்லாமலில்லை. தட்டின் இரைச்சல் ஒருபுறம். சிகெட்டியின் வில் நாதத்தினும் பொருளை விரும்பிக் கடுமை கொள்ளும் இடங்கள் மறுபுறம். தேன்போன்ற வயலின் ஒலியையே கேட்டுப் பழகியோர் முதன்முறை கேட்டு ஏமாற்றம் அடைதலும் கூடும். ஆனால் மறுமுறை கேட்பவர்க்கு, பழுதற்ற பல தட்டுக்களிற் காணாத ஒன்று இங்கே கிடைக்கும். இரு மனிதர் ஒருவரை ஒருவர் உற்றுக் கேட்டு, அந்தக் கணத்திலே முடிவு செய்து, அஞ்சாது வாசிக்கின்றனர். அதுவே அது.

தட்டுக்கள் நூல்நிலையத்திற் கிடந்தன. உலகம் அவற்றைக் கேட்கவில்லை. 1960களிலேதான் வான்கார்ட் என்னும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் அவற்றை இரண்டு நீள்தட்டுக்களாக வெளியிட்டது. அப்பொழுது பார்ட்டொக் உயிரோடில்லை. பின்னர்க் குறுந்தட்டாகவும் அவை வெளிவந்தன. ஏறக்குறைய 500 பேர் அமரத்தக்க மண்டபத்தில் எழுந்த இசை எல்லா நாட்டாருக்கும் உரியதாயிற்று.

கச்சேரியின் பின்

அமெரிக்கச் சுற்றுலாவை முடித்துப் பார்ட்டொக் தம் நாட்டுக்கு மீண்டார். தங்கிவிட அன்று, விடைபெற. 1940 ஒக்டோபர் 8ஆந் திகதி மனைவியார் டிட்டாவுடன் புடாபெஸ்டிலே கடைசிக் கச்சேரியை நிகழ்த்தினார். அதற்குச் சில நாட்களின் முன் எழுதிய இறுதி விருப்ப ஆவணத்தில், ஹிட்லர், முசோலினி ஆகியோர் பெயர்கள் ஹங்கேரியின் சதுக்கங்களிலோ வீதிகளிலோ இருக்குமட்டும் தம் பெயரை எந்த வீதிக்கும் சூட்டலாகாது என எழுதி வைத்தார். ஒக்டோபர் 12இல் புறப்பட்டு, லிஸ்பன் துறைமுகம் வழியாக மாத முடிவில் நியூயோர்க் சேர்ந்தார்.

அங்கே கொலம்பியாப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்ததோடு ஓர் ஆய்வுப் பணியையும் தந்தது. யாது பணி? மில்மன் பரி என்னும் அறிஞர் 1930களில் யூகோஸ்லாவியக் கிராமங்களில் அலுமினியத் தட்டுக்களிற் பதித்து வந்த பாடல்களைக் கேட்டு எழுதுவதே. தாயகத்தை விட்டு ஓடிவந்தவர், அந்நிய நகரில் இருந்துகொண்டு, தட்டிலே தங்கியிருந்த ஐரோப்பியக் கிராமங்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாய்வின் பயனாகிய நூல் அவர் மறைந்தபின் 1951இல் வெளிவந்தது.

பணமுடையும் நோயும் அவரை வருத்தின. 1943இல் வைத்தியசாலையிற் கிடந்தார். உதவி என்று நீட்டினால் வாங்காத மானி அவர். இதனை அறிந்த சிகெட்டி, இசை நெறியாளர் பிரிட்ஸ் ரைனருடன் சேர்ந்து, பொஸ்டன் வாத்தியக் குழுவின் தலைவர் கூஸெவிட்ஸ்கியை அணுகினார். கூஸெவிட்ஸ்கி தம் நிதியத்தின் பெயரால் 1,000 டொலருக்கு ஓர் ஆக்கம் வேண்டும் எனக் கேட்டார். கேட்டது உதவியாகத் தோன்றாது வேலையாகத் தோன்றியமையால் பார்ட்டொக் ஏற்றார். அதனாற் பிறந்ததே "வாத்தியக் குழுவுக்கான கொன்செர்ட்டோ". 1944 டிசெம்பர் 1ஆந் திகதி பொஸ்டனில் அரங்கேறி உலகப் புகழ் பெற்றது. தாம் தலைப்பட்டு நண்பரின் மானத்தையும் காத்து உயிர்ப்பையும் தூண்டிய சிகெட்டியின் செயல், அவர் வாசித்த எந்த இசைக்கும் குறைந்ததன்று.

1945ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26ஆந் திகதி பார்ட்டொக் நியூயோர்க்கிற் காலமானார். சிகெட்டி 1973இல் சுவிற்சலாந்தின் லூசேர்ன் நகரில் மறைந்தார். 1988ஆம் ஆண்டில் பார்ட்டொக்கின் உடலம் அமெரிக்க மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, புடாபெஸ்டிலே அரச மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டது. போனவர் திரும்ப 48 ஆண்டுகள் ஆயின.

நாம் கொள்ளவேண்டியது

தொடக்கத்தில் வேறொரு காரணம் உண்டென்றோமே, அதனை இனிச் சொல்லுவோம். பிறர் பாட்டு அழியலாகாதென்று வாழ்நாளெல்லாம் பொறி சுமந்து திரிந்தவர் பார்ட்டொக். அவர் தம் நாட்டை இழக்கும் தறுவாயிலே, அவர் நாதமும் நண்பர் நாதமும் அழியலாகாதென்று யாரோ சிலர் ஒரு பொறியை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தனர். அன்றிரவு அம்மண்டபத்தில் தட்டை மாற்றிய கைகள் எவருடையனவோ. வரலாறு அவற்றைப் போற்றுவதில்லை. ஆனால் அக்கைகள் ஒருகணம் சோம்பியிருந்தால் மேதைகள் இருவரின் அந்த மாலையும் இன்று வெறும் அறிவிப்புத் தாளாகவே எஞ்சியிருக்கும். படைப்பவர் பெரியர், பேணுபவரும் சிறியரல்லர்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்த நமக்கு, பேணியது ஒன்று போனால் என்ன போகும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போனதற்கு வருந்தினோம், வருந்துதல் தகும். இன்னும் போகாதிருப்பவற்றுக்கு என் செய்கின்றோம் என்பதே வினா. நம் பாட்டிமாரின் தாலாட்டும், வயல்களில் அரிவு வெட்டும்பொழுது பாடிய பாட்டும், கூத்தரங்கிலே அண்ணாவிமார் பாடிய வரவுப் பாட்டும், பண்ணோடு தேவாரம் ஓதிய முதியோரின் குரலும் இன்னும் சில இல்லங்களில் எஞ்சியுள்ளன. அன்று பார்ட்டொக் சுமந்த பொறியிலும் பன்மடங்கு சிறந்த பொறி இன்று நம் இளைஞர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் தொலைபேசியாக இருக்கின்றது. பொறிக்குக் குறைவில்லை, பொறுமையோடு பக்கத்தில் இருந்து கேட்பதற்கு நேரமே குறைவு.

ஆகவே இளைஞர்காள்! அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்பொழுது பாட்டியாரின் அருகில் அமர்ந்து, "ஆச்சி, அந்தப் பாட்டை இன்னொருக்காப் பாடுங்கோ" என்று கேளுங்கள். பாடியதைப் பதிந்து, பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். பெரியோர்களே! குரல் போய்விட்டதென்று நாணாது பாடிக் கொடுங்கள். இருமலும் தடுமாற்றமும் அதில் இருந்தால் இருக்கட்டும். வாஷிங்டன் தட்டிலும் இரைச்சல் இருக்கின்றது. அதனூடே கேட்கும் நாதத்தையன்றோ உலகம் இன்றும் போற்றுகின்றது.